கம்பியின் கனமும் அறையின் காவலும்

‘கம்பி நீட்டிவிட்டான்’ என்றால் ஓடிப்போனான் என்று பொருள் கொள்வது நம் நாட்டு வழக்கு. நான் இங்கே எழுதப் புகுவது உண்மையாகவே நீட்டப்பட்ட ஒரு கம்பியைப் பற்றியது. அதை நீட்டியவர் ஓடிப்போகவில்லை. ஆனால் ஒருநாள் விடியற்காலையில் அவரும் அவருடன் தங்கியிருந்த நால்வரும் அறையை விட்டு ஓடி வெளியே வர நேர்ந்தது. அவர்களுள் ஒருவர் என் அண்ணன்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்வோர் சுங்குவார்சத்திரத்தை அறிவர். வழிப்போக்கர்க்கு இடமளித்த சத்திரத்தைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர் அது. இன்றும் அது சத்திரமாகத்தான் இருக்கிறது. வழிப்போக்கர் மட்டுமே மாறியிருக்கின்றனர். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை எழுந்துள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்த இளைஞரும் பெண்களும் ஊரெங்கும் வாடகை அறைகளில் ஐவர், அறுவராகத் தங்கியிருக்கின்றனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெரிய விடுதி ஒன்றை அரசு திறந்தது. அது பெண் தொழிலாளர்க்கானது. என் அண்ணனைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இன்னும் தெருவோரத்து வரிசை வீடுகளே புகல்.

அத்தகைய அறைகளில் எரிவாயு இணைப்பு பெறுவது எளிதன்று. ஆகவே மின்சார அடுப்பு. அதுவும் கண்ணாடி போல் பளபளக்கும் புதுவகை அடுப்பன்று. சுட்ட மண் தட்டில் பாம்பு போல் வளைந்து செல்லும் பள்ளமும், அந்தப் பள்ளத்தில் கிடக்கும் கம்பிச் சுருளும் உடைய பழைய அடுப்பு. ‘காயில் அடுப்பு’ என்பார்கள். விலை குறைவு. சுருள் அறுந்தால் சில ரூபாயில் வேறு சுருள். இரவுப் பணி முடிந்து வருபவர் கஞ்சி காய்ச்சிக் கொள்ளலாம். பகற்பணிக்குச் செல்பவர் முட்டை அவித்துக் கொள்ளலாம்.

அண்ணன் அறையில் இருந்த அடுப்பின் சுருள் ஒரு நாள் அறுந்தது. கடைக்குப் போக நேரமில்லை. அறைத்தோழர் ஒருவர் அறுந்த இரு முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, கருகிய பகுதியை வெட்டி எறிந்து, மீதியை இழுத்து நீட்டிப் பள்ளத்தில் பொருத்திவிட்டார். அடுப்பு எரிந்தது, முன்னைவிட வேகமாகவே எரிந்தது. “பாத்தியா தம்பி, புதுக் காயிலே தோத்துடும்” என்று அண்ணன் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிப்பவன் நான் என்பதை வெட்கத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டு வாரத்தில் மீண்டும் அறுந்தது, மீண்டும் முறுக்கு. அதன்பின் சில நாளில் மூன்றாவது முறை. ஒரு விடியற்காலை, அடுப்பில் உலை வைத்துவிட்டு ஒருவர் பல் துலக்கப் போனபோது, சுவரில் இருந்த பிளக் பாயிண்டு உருகிப் புகைந்து, அருகில் ஆணியில் தொங்கிய சீருடைச் சட்டையில் தீப் பற்றிக்கொண்டது. இரவுப் பணி முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்தவர் மெயினை நிறுத்தியதால் சட்டையோடு போயிற்று. சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி படிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகே நான் தாளும் பென்சிலும் எடுத்தேன். அந்தக் கணக்கைத்தான் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், நம்மில் பலரும் செய்யும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜூல் விதியை நாம் மனப்பாடமாக ஒப்பிப்போம்: மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் காலத்தையும் பெருக்கினால் வெப்பம். ஆகவே தடை மிகுந்தால் வெப்பம் மிகும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் வீட்டு மின்சாரத்தில் மாறாமல் இருப்பது மின்னோட்டமன்று, மின்னழுத்தம். 230 வோல்ட் என்பது மின்வாரியம் கொடுத்தது; அதில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை நாம் இணைக்கும் கம்பியின் தடை தீர்மானிக்கிறது. எனவே இங்கே பயன்படும் வாய்பாடு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுப்பது. தடை குறைந்தால் வெப்பம் கூடும்! சுருளை வெட்டிக் குட்டையாக்கினால் தடை குறையும்; அடுப்பு வேகமாக எரியும். அண்ணனின் அறைத்தோழர் கண்ட ‘அதிசயம்’ இதுதான். விதி ஒன்றே, எதை மாறிலியாகக் கொள்கிறோம் என்பதில்தான் தேர்வு விடையும் அடுப்பும் வேறுபடுகின்றன.

1000 வாட் அடுப்பை எடுத்துக் கொள்வோம். 230இன் வர்க்கம் 52,900. அதை ஆயிரத்தால் வகுத்தால் 52.9 ஓம். பாயும் மின்னோட்டம் 4.35 ஆம்பியர். இந்த 52.9 ஓமை எந்தக் கம்பியால் உண்டாக்குவது?

செம்புக் கம்பியால் உண்டாக்க முடியாதா என்று வேடிக்கையாகக் கேட்டுப் பார்க்கலாம். நிக்ரோம் என்னும் கலப்பு உலோகத்தின் தன் மின்தடை செம்பினுடையதைப் போல் ஏறத்தாழ 65 மடங்கு. எட்டு மீட்டர் நிக்ரோம் செய்யும் வேலைக்கு அதே கனமுள்ள செம்பு அரைக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அது சூடேறியதும் கறுத்து உதிர்ந்து போகும் என்பது வேறு. இரும்பு துருப்பிடிக்கும். பிளாட்டினம் தாங்கும், ஆனால் பிளாட்டினத்தில் கஞ்சி காய்ச்ச அரண்மனை வேண்டும்! இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர். நிக்கல் நாலு பங்கு, குரோமியம் ஒரு பங்கு என்ற அளவில் அவர் 1905இல் கண்ட கலவைக்கு 1906இல் காப்புரிமை கிடைத்தது. சூடேறியவுடன் கம்பியின் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய போர்வையாகப் படிகிறது. அந்தப் போர்வை மேலும் காற்று உட்புகாமல் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. துரு இரும்பை அரிக்கிறது. இங்கோ துருவே காவலாகி நிற்கிறது. ரொட்டி வாட்டும் கருவி, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கம்பி எல்லாம் இந்த ஒரு போர்வையை நம்பிப் பிறந்தவை. சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் குளிர்பதனப் பெட்டிகள் உருவாகின்றன அல்லவா? பனி உறையாத வகைப் பெட்டிகளுக்குள்ளும் ஒரு சூடேற்றும் கம்பி ஒளிந்திருக்கிறது. அவ்வப்போது சூடாகிப் பனியை உருக்குவது அதன் தொழில். குளிர்விக்கும் பெட்டிக்குள் ஓர் அடுப்பு!

இனிக் கனத்துக்கு வருவோம். கம்பியின் கனத்தைக் கடைகளில் ‘கேஜ்’ எண்ணால் குறிப்பார்கள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். இது முதலில் கேட்பவரைக் குழப்பும். நம் நாட்டில் பெரும்பாலும் வழங்குவது 1884இல் இங்கிலாந்தில் சட்டப்படி ஏற்கப்பட்ட எஸ்.டபிள்யூ.ஜி. முறை. அதன்படி 24 கேஜ் கம்பியின் விட்டம் 0.559 மி.மீ.; 26 கேஜ் 0.457, 28 கேஜ் 0.376, 30 கேஜ் 0.315. நிக்ரோமில் இவற்றின் தடை மீட்டருக்கு முறையே சுமார் 4.4, 6.65, 9.8, 14 ஓம். ஆகவே 52.9 ஓமுக்கு 24 கேஜில் ஏறத்தாழ 12 மீட்டர் வேண்டும், 26இல் 8 மீட்டர், 28இல் 5.4 மீட்டர், 30இல் 3.8 மீட்டரே போதும்.

நான்கும் 1000 வாட், நான்கும் 4.35 ஆம்பியர். மின்வாரியத்தின் மீட்டருக்கு இந்நான்கிற்கும் வேறுபாடு தெரியாது. அப்படியானால் மலிவாக 3.8 மீட்டர் 30 கேஜ் வாங்கிவிட்டால் என்ன? இங்கேதான் உண்மையான வேறுபாடு ஒளிந்திருக்கிறது. ஆயிரம் வாட் வெப்பமும் கம்பியின் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். மேற்பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டால் 24 கேஜ் கம்பிக்குச் சுமார் 209 சதுர செ.மீ.; 26க்கு 114; 28க்கு 64; 30க்கு 37தான். ஒரு சதுர செ.மீ. சுமக்க வேண்டிய பாரம் முறையே 4.8, 8.8, 15.7, 26.7 வாட். கூலிக்காரர் ஐவர் தூக்க வேண்டிய மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றுவது போன்றது இது.

பாரம் மிகுந்தால் கம்பி என்ன செய்யும்? மேலும் சூடேறி, மேலும் கதிர்வீசி அந்த வெப்பத்தை வெளியே தள்ளும். எவ்வளவு சூடேறும் என்பதை ஸ்டீபான்–போல்ட்ஸ்மன் விதி சொல்லும். வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்பக் கதிர்வீச்சு அமையும் என்ற அந்த விதியை இரண்டாம் ஆண்டில் படித்துவிட்டுத் தேர்வோடு மறந்தவர்கள் மன்னிக்கவும். இப்போது அது நமக்கு வேண்டியிருக்கிறது. கம்பி நேராக, தனியாகக் காற்றில் நிற்கிறது, முழுமையான கரும்பொருள் போலக் கதிர்வீசுகிறது என்று அதற்குச் சாதகமாகவே வைத்துக் கொள்வோம். காற்றோட்டம் கொண்டுபோகும் வெப்பத்தை இங்கே சேர்க்கவில்லை. 24 கேஜ் கம்பி சுமார் 690 டிகிரி சென்டிகிரேடில் நிலைக்கும், மங்கலான செந்நிறம். 26 கேஜ் 840 டிகிரி. 28 கேஜ் 1020. 30 கேஜ் 1200 டிகிரி!

நிக்ரோம் தாங்கக்கூடிய உச்ச வரம்பே ஏறத்தாழ 1200 டிகிரிதான். அதுவும் நேரான கம்பிக்கு. அதைச் சுருளாக்கினால் ஒரு வளைவு வீசும் கதிரை அடுத்த வளைவு வாங்கிக் கொள்கிறது. பள்ளத்துச் சுவர் வேறு பாதியை மறைக்கிறது. கதிர்வீசும் பரப்புப் பாதியாகிவிட்டது என்று வைத்துக் கணக்கிட்டால் 26 கேஜுக்கே மேலும் 200 டிகிரி கூடி 1050ஐத் தொடுகிறது. 28 கேஜ் வரம்பைத் தாண்டப் பார்க்கும். 30 கேஜ் உருகும் எல்லையை நோக்கி ஓடும். காற்றோட்டம் சிறிது உதவும்; மேலே வைத்த பாத்திரம் அந்த உதவியைக் கெடுக்கும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரே மின்னழுத்தம், ஒரே வாட் என்று வைத்துக்கொண்டால், வேண்டிய நீளம் விட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறுகிறது. மேற்பரப்போ நீளத்தையும் விட்டத்தையும் பெருக்கிய அளவு. ஆகவே மேற்பரப்பு விட்டத்தின் முப்படிக்கேற்ப மாறுகிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பரப்பு நூற்றுக்கு 27 குறைந்துவிடும்; பாரம் 37 விழுக்காடு கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. கையால் தடவிப் பார்த்தும் தெரியாது. கம்பி மட்டும் அதை அறியும்.

சரி, அப்படியானால் கெட்டிக் கம்பியாக வாங்கிவிட்டால் தொல்லையில்லை அன்றோ? என் அண்ணனும் இப்படித்தான் நினைத்தார். தீ நிகழ்ச்சிக்குப் பிறகு கடைக்குப் போய், “மெலிசு அடிக்கடி அறுந்து போவுதுண்ணே, கெட்டியாக் குடுங்க” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரரும் தட்டாமல் 2000 வாட் சுருளை எடுத்துக் கொடுத்தார். அது கெட்டிதான். ஆனால் அதன் தடை 26.5 ஓம், இழுக்கும் மின்னோட்டம் 8.7 ஆம்பியர். அறையில் இருந்ததோ விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட பழைய 5 ஆம்பியர் பாயிண்டு. நல்லவேளையாகப் பொருத்துவதற்கு முன் என்னிடம் காட்டினார்.

வாட் எழுதாத கம்பியை அளந்து வாங்கினாலும் இதே பொறி காத்திருக்கிறது. 26 கேஜில் 8 மீட்டர் போட்ட இடத்தில் அதே 8 மீட்டரை 24 கேஜில் போட்டால் தடை 35 ஓமாகச் சுருங்கும். 1000 வாட் 1500 வாட்டாகும், மின்னோட்டம் 6.5 ஆம்பியராகும். அதாவது, மெல்லிய கம்பி தன்னைத்தானே எரித்துக் கொள்ளும்; கனத்த கம்பி நீளம் போதாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயரை எரிக்கும். இரண்டிலும் மோசம் எதுவென்றால் பின்னதே என்பேன். அடுப்பில் கம்பி அறுந்தால் சோறு வேகாது, அவ்வளவே. சுவருக்குள் எரிவதை யார் காண்பது? ஆகவே கனத்தைக் கூட்டினால் நீளத்தையும் அதற்கேற்பக் கூட்டியாக வேண்டும். நீண்ட சுருளை இருத்த அகன்ற தட்டு வேண்டும். தட்டின் பள்ளம்தான் இறுதியில் கனத்துக்கு எல்லை கட்டுகிறது.

இப்போது அந்த முறுக்குக்கு வருகிறேன். மூன்று முறை வெட்டியதில் ஏறத்தாழக் கால் பங்கு கம்பி போயிருந்தது. தடை முக்காலானது, ஆயிரம் வாட் 1330 ஆனது. மின்னோட்டம் 5.8 ஆம்பியர். பரப்பும் முக்காலானது. ஆகவே சதுர செ.மீ. மீது விழும் பாரம் 1.78 மடங்கு. மேலே சொன்ன கணக்கில் 26 கேஜிலிருந்து 28 கேஜுக்குத் தாவினால் எவ்வளவு பாரம் கூடுமோ ஏறக்குறைய அவ்வளவே இது! கம்பியைத் தொடாமல், வெட்டியே மெலிய வைத்துவிட்டார்கள். இதனால்தான் ஒவ்வொரு முறுக்கும் முந்தியதைவிட விரைவில் அறுந்தது. முறுக்கிய இடத்தில் ஆக்சைடுப் போர்வையின் மேல் போர்வை உரசுவதால் இணைப்பு நன்றாகப் படிவதில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளவும். அந்த ஆக்சைடு மின்சாரத்தை எளிதில் விடாது.

பிளக் ஏன் உருகியது? பழைய பாயிண்டின் பித்தளை நாக்குகள் தளர்ந்திருந்தன. தளர்ந்த இணைப்பில் கால் ஓமுக்கும் குறைவாக, 0.2 ஓம் தடை இருந்தது என்று கொண்டால் 4.35 ஆம்பியரில் அங்கே எழும் வெப்பம் 3.8 வாட், 5.8 ஆம்பியரில் 6.7 வாட். பட்டாணி அளவு இடத்தில் 6.7 வாட் என்பது சின்ன பற்றவைப்புக் கோல் ஒன்றைப் பிளக்குக்குள் செருகி வைத்தது போன்றது. இங்கே மின்னோட்டத்தின் வர்க்கம் வேலை செய்கிறது. ஜூல் விதியின் பழைய வடிவம் தன் உரிமையை நிலைநாட்டிக் கொள்கிறது.

“பீஸ் போகலையே, எப்படி?” என்று எல்லாரும் கேட்டனர். பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால், யாரோ எப்போதோ மேசை விசிறி வயரின் இழைகள் மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தனர். அது குற்றமே. 5 ஆம்பியருக்கு உரிய செம்பு பீஸ் கம்பியின் விட்டம் 0.2 மி.மீ.; 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. ஆனால் நேர்மையாகச் சொல்வதென்றால், சரியான 5 ஆம்பியர் கம்பி இருந்திருந்தாலும் அன்று அது உருகியிருக்காது. 5 ஆம்பியர் கம்பி 5.1இல் உருகிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று, திறந்த பீஸ் கம்பி உருக ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டம் வேண்டியிருக்கலாம். இப்போது புது வீடுகளில் வைக்கும் எம்.சி.பி. கூட 6 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 5.8ஐப் பேசாமல் விட்டுவிடும். அது தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. பீஸ், வயரைக் காப்பது. தளர்ந்த பிளக்கைக் காக்கும் பொறுப்பை அதற்கு யாரும் கொடுக்கவில்லை. அடுப்பு போன்றவற்றைப் பெரிய, 16 ஆம்பியர் பாயிண்டில், மூன்று முள் பிளக்கில் இணைக்க வேண்டும் என்பது இதனால்தான். மூன்றாவது முள்ளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. திறந்த சுருள் முழுவதும் மின்சாரம் உள்ளது. பால் பொங்கி வழிந்தாலும், அடிவளைந்த அலுமினியப் பாத்திரம் சுருளைத் தொட்டாலும், கரண்டியைப் பிடித்த கை வழியே மின்சாரம் தரைக்கு இறங்கும். கிளறுமுன் சுவிட்சை நிறுத்துவது கோழைத்தனம் ஆகாது.

கம்பி வாங்கச் செல்வோர்க்குச் சில செய்திகள். கேஜ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்க முறை ஒன்று உண்டு. அதில் 26 என்பது 0.405 மி.மீ. தான். நம் 26ஐ விட மெலிது. ஒரே வாட்டுக்கு அதை அளந்து வெட்டினால் பாரம் 44 விழுக்காடு கூடும், முப்படியின் திருவிளையாடலால். இப்போது இணையக் கடைகளில் வரும் கம்பிச் சுருணைகளில் பெரும்பாலும் அந்த எண்ணே அச்சாகியிருக்கிறது. விட்டத்தை மி.மீ.யில் கேட்பதே நல்லது. நம் ஆய்வகத்துத் திருகு அளவி கையில் இல்லாவிட்டால், கம்பியைப் பென்சிலில் நெருக்கமாக இருபது சுற்றுச் சுற்றி அந்த அகலத்தை அளவுகோலால் அளந்து இருபதால் வகுத்தால் போதும்.

தடையை மல்டிமீட்டரில் பார்ப்பவர்கள் குளிர்ந்த சுருளில் 52.9க்குப் பதில் 50 ஓம் காட்டினால் அஞ்ச வேண்டாம். நிக்ரோம் சிவக்கச் சூடேறும்போது அதன் தடை ஐந்து விழுக்காடு அளவில் கூடும். 40 காட்டினால் அஞ்சலாம். மின்னழுத்தத்தையும் மறந்துவிடக் கூடாது. நள்ளிரவில் தொழிற்சாலைச் சுமை குறைந்து 230 வோல்ட் 240 ஆனால் அடுப்பின் வாட் ஒன்பது விழுக்காடு ஏறிவிடும்.

சுருளைத் தாமே சுற்ற விரும்புவோர்க்குக் கணக்கு இதோ. 5 மி.மீ. கோலில் 26 கேஜ் கம்பி 8 மீட்டரைச் சுற்றினால் ஏறத்தாழ 465 சுற்று வரும்; நெருக்கமாக இருக்கும்போது நீளம் 21 செ.மீ. அதை மூன்று மடங்காக, அதாவது 64 செ.மீ. அளவுக்கு நீட்டிப் பள்ளத்தில் இட வேண்டும். எங்கும் ஒரே இடைவெளி வேண்டும். ஓரிடத்தில் வளைவுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஒன்றன் வெப்பத்தை மற்றொன்று வாங்கி வெள்ளையாகச் சிவக்கும், அறுவதும் அங்கேதான். இந்த நீட்டுவதைக் கம்பி புதிதாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். கடையில் கிடைக்கும் இன்னொரு வகைக் கம்பி இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. ஸ்வீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ என்பவர் உருவாக்கியது; அவர் பெயரையும் ஹால்ஸ்டாஹம்மர் என்னும் ஊரின் பெயரையும் சேர்த்துக் ‘கான்தல்’ என்றனர். நிக்ரோமைவிட உயர்ந்த சூட்டைத் தாங்கும். ஆனால் ஒருமுறை சிவந்து ஆறிய பின் அப்பளம்போல் ஒடியும். அதை முறுக்கி ஒட்டுப் போட நினைப்பது வீண்.

இக்கட்டுரையைப் படித்துக் காட்டியபோது வகுப்புத் தோழர் ஒருவர், “அந்த மின் சிகரெட்டுக்குள் இருப்பதும் இந்தக் கம்பிதானாமே, அதற்கும் கேஜ் சொல்லேன்” என்றார். ஆம், அதே கம்பிதான். ஆனால் கேஜ் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. தமிழக அரசு 2018இலேயே அதைத் தடை செய்துவிட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசின் அவசரச் சட்டமும் அவ்வாண்டு முடிவதற்குள் நாடாளுமன்றத்தின் சட்டமும் வந்தன. விற்றாலும் இருப்பு வைத்தாலும் சிறை உண்டு. கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அது நம் அடுப்புக் கணக்கின் மறுபக்கம். அங்கே அழுத்தம் 230 வோல்ட் அன்று. நிறைந்த லித்தியம் மின்கலம் ஒன்றின் 4.2 வோல்ட். புகை மிகுதியாக வரவேண்டும் என்று வெளிநாடுகளில் தாமே சுருள் சுற்றுவோர் கனத்த கம்பியைச் சில அங்குலமே எடுத்துத் தடையை 0.2 ஓமுக்கு இறக்குகின்றனர். அப்போது பாய்வது 21 ஆம்பியர். இந்த அறை முழுவதற்கும் வந்த மின்னோட்டத்தைப் போல் மூன்றரை மடங்கு, விரல் அளவுள்ள மின்கலத்திலிருந்து! பழைய மடிக்கணினியிலிருந்து பிடுங்கிய கலம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காமல் போகலாம். நடுவே பீஸ் கட்டை இல்லை. கம்பி தாங்கிக்கொள்ளும், மின்கலம் உள்ளுக்குள் கொதித்து வெடிக்கும், அதுவும் வாய்க்கு அருகில் அல்லது கால்சட்டைப் பையில். நிக்கோட்டின் செய்யும் கேட்டை வேதியியல், விலங்கியல் நண்பர்கள் எழுதட்டும்.

அண்ணன் அறைக்குத் திரும்புவோம். 2000 வாட் சுருளைக் கடையில் மாற்றிவிட்டு, கடைக்காரர் சிரிக்கச் சிரிக்க, அங்கேயே பென்சிலில் சுற்றி அளந்து 26 கேஜ் சுருள் ஒன்று வாங்கினோம். “காலேஜு தம்பி, காயிலுக்கு ஜாதகமா பாக்கறே?” என்றார் அவர். வீட்டு உரிமையாளரிடம் பலமுறை நடந்து, அடுப்புக்கென்று மீட்டரிலிருந்து தனி வயரும் 16 ஆம்பியர் பாயிண்டும் போட வைத்தோம். செலவில் பாதியை அறையில் இருந்த ஐவரும் பங்கிட்டுக் கொண்டனர். ஆளுக்கு ஒரு நாள் கூலிக்குக் குறைவுதான் ஆயிற்று.

மும்முறை முறுக்கப்பட்ட பழைய சுருளை நான் கேட்டு வாங்கி வந்தேன். அது இப்போது நம் இயற்பியல் ஆய்வகத்தில், மீட்டர் பாலம் இருக்கும் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. திருகு அளவி வைத்துப் பார்த்ததில் ஒரு கோடியில் விட்டம் 0.45 மி.மீ.; கடைசியாக அறுந்த இடத்தின் அருகே 0.39. ஒரே கம்பியில் ஒரே மின்னோட்டம் பாயும்போது ஓர் அங்குலத்தில் எழும் வெப்பம் விட்டத்தின் வர்க்கத்திற்குத் தலைகீழாகவும், அது வெளியேறும் பரப்பு விட்டத்திற்கேற்பவும் அமைவதால், இங்கும் வந்து நிற்பது அதே முப்படிதான்: அந்த இடத்தின் பாரம் மற்ற இடத்தைப் போல் ஒன்றரை மடங்கு. அளந்து பார்க்க விரும்புவோர் ஆய்வக உதவியாளரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். மெதுவாகப் பிடிக்க வேண்டும், ஒடிகிறது.